முப்பத்தொன்பது வயது முழங்கால்

போர்ட் மெரிடன் ஸ்டோக்கர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியில் என் வேலை ஒரே ஒரு வாக்கியம். "கோச் கூப்பிடுறாரு, டேப்லெட்டையும் எடுத்துக்கிட்டு வாப்பா." அணியின் ஆட்டத் திட்டம் முழுக்க அந்த டேப்லெட்டில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்டால் ஆளை வெளியே அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். முன்பு டேப்லெட்டுக்குப் பதில் தடிமனான புத்தகம் இருந்தது. மற்றபடி தொழிலில் பெரிய முன்னேற்றம் ஒன்றுமில்லை. கால்பந்து என்று பெயர் வைத்துக்கொண்டு கையால் ஆடுகிறீர்களே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

என் பெயர் ரே கோவாலிக். முதுகுக்குப் பின்னால் 'சாவோலை' என்று சொல்கிறார்கள். நான் லிஃப்டில் ஏறினால் நூற்று நாற்பது கிலோ ஆள்கள் இறங்கி, மூச்சு வாங்க மாடிப்படியில் போவார்கள். கேன்டீனில் என் மேசைக்கு நான்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள், மூன்று தண்டம். அப்படிப்பட்ட மேசைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் தட்டோடு வந்து நின்றான்.

"பெரியவரே, இங்க யாராவது உட்கார்ந்திருக்காங்களா?"

"இருபது வருஷமா யாரும் இல்ல."

"அப்ப நான் உட்காரலாம்."

அவன்தான் டெரன் பெட்டிவே, எங்கள் குவார்ட்டர்பேக். குவார்ட்டர்பேக் என்றால், பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். அவன்தான் யாருக்கு வீசுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஜெயித்தாலும் அவனால், தோற்றாலும் அவனால். இருபத்தைந்து வயது. இதே ஊர்க்காரன், இன்னும் சொல்லப்போனால் என் தெருக்காரன். அவன் அப்பா லூதர் முப்பத்தொரு வருஷம் நகரசபையின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர். ஊரிலுள்ள தெருவெல்லாம் தள்ளி முடித்துவிட்டு எங்கள் தெருவைக் கடைசியில்தான் தள்ளுவார். சொந்தத் தெருவுக்குச் சலுகை காட்டினான் என்று ஒருத்தனும் சொல்லிவிடக்கூடாதாம். அவர் உத்தமராக இருந்ததற்காக நான் எத்தனை காலை வேலைக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன் தெரியுமா?

போன இலையுதிர்காலத்தில் லூதருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதே சமயம் எங்கள் அணி ஏழு ஆட்டத்தில் ஐந்தில் தோற்றிருந்தது. ஊர் முழுக்க எதைப் பற்றிக் கவலைப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேற்கே சான் மொரேனோவில் வேட் ஹார்கின்ஸ் என்று ஒரு குவார்ட்டர்பேக். ஒரு காலத்தில் மகா கில்லாடி. இப்போது முப்பத்தொன்பது வயது. வலது முழங்காலில் மூன்று தடவை கத்தி வைத்தாயிற்று. அவரை வாங்கலாமா, வாங்கினால் பதிலுக்கு யாரைக் கொடுப்பது என்று பேச்சு கிளம்பியது. முடிதிருத்தகத்தில் பேசினார்கள், கல்லறைத் தோட்டத்தில் பேசினார்கள். எங்கள் பாதிரியார் ஞாயிறு பிரசங்கத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார்.

எங்கள் பொது மேலாளர் டாட் ஸ்ப்ரேக் எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை. ஒரு குழு போட்டார். முதல் கூட்டத்தில் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள்: 'குவார்ட்டர்பேக் எதிர்காலத் தெளிவுக் குழு.' இரண்டாவது கூட்டத்தில் 'தெளிவு' என்ற வார்த்தை அதிகப்படியான எதிர்பார்ப்பை உண்டாக்கும் என்று வழக்கறிஞர் சொன்னதால் அதை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். யாரையோ அனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாக்கியத்தை மனதில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"உட்காருங்க ரே," என்றார் ஸ்ப்ரேக். "இந்தக் குழுவுக்கு மண்ணோட தொடர்புள்ள ஒரு ஆள் வேணும்னு முதலாளியம்மா ஆசைப்படுறாங்க."

"நான் ரெண்டாவது மாடியில குடியிருக்கேன் சார்."

"அந்த எளிமையைத்தான் சொல்றேன்."

மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பலகை. பெயர் கிடையாது, ஆள் எதற்கு வந்திருக்கிறார் என்பது மட்டும். 'சட்டம்', 'எண்கள்', 'மருத்துவம்' என்று வரிசை. ஷெல்பி என்ற பெண்மணி எங்கள் கிளப்பின் குடும்ப நல்லுறவு இயக்குநர். அவர் முன்னால் 'குடும்பம்'. என் முன்னால் 'மண்'.

எண்கள் எழுந்து படம் காட்டினார். டெரன் வீசுகிற பந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகிறதாம். பிடிக்கிற ஆள்கள்தான் கீழே போடுகிறார்களாம். பிடித்திருந்தால் இந்நேரம் லீக்கிலேயே டெரன் ஏழாவது இடத்தில் இருப்பானாம்.

"அப்ப பிடிக்கிறவங்கள மாத்தலாமே?" என்றேன்.

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஸ்ப்ரேக் பொறுமையாகச் சொன்னார்: "இது குவார்ட்டர்பேக் குழு, ரே. பிடிக்கிறவங்களுக்குக் குழு இல்ல."

அதற்கப்புறம் முழங்கால் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் டாக்டர், மருத்துவம் பலகைக்குப் பின்னால் இருந்தவர், எக்ஸ்ரே கேட்டு வாங்கிப் பார்க்கலாமே என்றார். நல்ல மனிதர், வாயைக் கட்டத் தெரியாது.

"அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கிட்ட போய் முழங்காலக் காட்டுன்னு கேக்கறதா? அது அவமரியாதை டாக்டர்," என்றார் ஸ்ப்ரேக். "முழங்கால்ங்கிறது ஒரு மனநிலை. நான் அவர் கண்ணைப் பார்த்துப் பேசியிருக்கேன்."

"எங்க சார் பார்த்தீங்க?"

"போன்ல."

அன்று மாலையே ஸ்ப்ரேக் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு அறிக்கை வாசித்தார். "டெரன் பெட்டிவேதான் எங்கள் குவார்ட்டர்பேக். அவர்மீது கிளப்புக்கு முழு நம்பிக்கை இருக்கிறது." எங்கள் தொழிலில் இதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு மணி நேரத்தில் பெட்டிவே வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மூடி போட்ட பாத்திரத்தில் கறியும் உருளைக்கிழங்கும் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள், துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி. லூதர் படுக்கையிலிருந்தபடியே சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

"முழு நம்பிக்கையா? டே டெரன், பெட்டிய கட்டுடா. பாதி நம்பிக்கைன்னு சொல்லியிருந்தாக்கூட நாலு மாசம் தாங்கியிருக்கும்."

டெரன் சிரிக்கவில்லை. பாத்திரங்களை வாங்கி வாங்கி அடுப்பங்கரையில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஊரில் பைத்தியம் முற்றியது. ஆகாய விமானங்களைக் கைப்பேசியில் பின்தொடர்கிற ஒரு கும்பல் எங்களிடம் உண்டு. சான் மொரேனோவிலிருந்து ஒரு சிறிய தனி விமானம் எங்கள் ஊரை நோக்கி வருகிறது என்று ஒருவன் எழுதினான். நானூறு பேர் விமான நிலைய வேலிக்கு வெளியே அடுப்பு மூட்டி, தொத்திறைச்சி சுட்டு, ஹார்கின்ஸ் பெயர் எழுதிய சட்டையோடு காத்திருந்தார்கள். கதவு திறந்தது. பல் டாக்டர் ஒருவர் இறங்கினார். மாமியார் வீட்டுக்கு வந்தவராம். வந்தது வந்தாயிற்று என்று அவருக்கே கை தட்டினார்கள். அவரும் கையசைத்தார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை யார் குவார்ட்டர்பேக்காக வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டபோது பல் டாக்டருக்கு நூற்றுக்குப் பதினொரு பேர் ஆதரவு. டெரனுக்கு ஒன்பது.

அந்த வாரம்தான் வீட்டுக்கு வருகிற நர்ஸ் டெரனைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று என்று சொன்னார். டெரன் மறுநாள் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சாப்பாட்டைத் தொடாமல் இருந்தான்.

"பெரியவரே, உங்களத்தான் அந்தக் குழுவுல போட்டிருக்காங்கல்ல?"

"போட்டிருக்காங்க. மண்ணுன்னு."

"எனக்காக ஒண்ணு கேளுங்க. என்னை ஆட வைக்க வேணாம். ஹார்கின்ஸ் வரட்டும், நான் அவருக்குத் தண்ணி பாட்டில் தூக்கறேன். இந்த ஒரு மாசம் மட்டும் என்னை ஊரவிட்டு அனுப்ப வேணாம்னு சொல்லுங்க. அப்பா போறப்ப நான் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் எந்தப் பாலைவனத்துக்கு வேணா அனுப்பட்டும்."

கேட்டேன். திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று, அவன் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஸ்ப்ரேக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் மண்ணு வேணும்னேன்," என்றார். "எனக்கு இந்த வலி தெரியும். எங்கப்பா சாகறப்ப நான் புது ஆள் எடுக்கிற கூட்டத்துல இருந்தேன். போன் அடிச்சுது. எடுக்கல. அன்னிக்கு நாங்க எடுத்த மூணு பசங்களும் பின்னாடி பெரிய ஆளா வந்தாங்க. அப்பா பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "இத 'பண்பாடு'ங்கிற தலைப்புல குறிச்சுக்குங்க. அடுத்து?"

ஷெல்பி ஊதா மையில் குறித்துக்கொண்டார். 'பிரிவே இல்லாத குடும்பம்' என்று சட்டையில் அச்சடிக்கலாம் என்று அவருக்கு அங்கேயே தோன்றியது. எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிறகு ஓட்டெடுப்பு. டெரனைச் சான் மொரேனோவுக்குக் கொடுத்து ஹார்கின்ஸை வாங்குவதற்கு எட்டு ஓட்டு. வேண்டாம் என்று நான் ஒருத்தன் கை தூக்கினேன். கூட்டக் குறிப்பில் 'ஒருமனதாக' என்று எழுதினார்கள். சட்டம் பலகைக்காரர் எனக்கு விளக்கினார்: மண்ணுக்கு ஓட்டு கிடையாதாம், உணர்வு மட்டும்தானாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மாற்று ஒப்பந்தம் கையெழுத்தானது. டெரன் அன்று பயிற்சிக் கூடத்தில் இல்லை, வீட்டில் இருந்தான். என்னை அனுப்பினார்கள். இரண்டு நாள் தள்ளிப் போடக்கூடாதா என்று ஸ்ப்ரேக்கிடம் கேட்டேன். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் இரண்டு ஆட்டக்காரர்களும் புது அணியின் டாக்டரிடம் உடம்பைக் காட்டியாக வேண்டும், கடிகாரம் ஓடுகிறது ரே என்று கையைக் காட்டினார். கையில் கடிகாரம் இல்லை.

லூதரின் கட்டிலை முன்னறையில் ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். டெரன் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் கூழை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தான். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனேன். லூதர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ் ரே, சும்மா வந்தியா, வேலையா வந்தியா?"

"வேலையா, லூதர்."

டெரன் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தான். நான் வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன வாக்கியம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அன்றைக்கு வரவில்லை. டெரன்தான் எழுந்தான்.

"டேப்லெட் மாடியில இருக்கு பெரியவரே. எடுத்துட்டு வந்துடறேன்."

அவன் திரும்பி வரும்வரை லூதரும் நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டெரன் டேப்லெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் போகலப்பா," என்றான்.

"போகலைன்னா?" என்றார் லூதர்.

"அஞ்சு நாள்ல 'வரத் தவறியவன்'னு எழுதுவாங்க. இந்த சீசன் எங்கயும் ஆட முடியாது."

"அடுத்த சீசன்?"

ஏழில் ஐந்து தோற்ற, சொன்ன இடத்துக்கு வராத குவார்ட்டர்பேக்கை அடுத்த வருஷம் யார் கூப்பிடப்போகிறார்கள்? அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"கிளம்புடா," என்றார் லூதர். "உனக்கு ஆறு வயசுலேர்ந்து பந்து பொறுக்கிப் போட்டிருக்கேன். எனக்கு முதுகு வலிச்சதெல்லாம் நீ இங்க உட்கார்ந்து கூழ் ஊட்டறதுக்கா? ஞாயித்துக்கிழமை டிவில பார்க்கறேன். நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."

டெரன் குனிந்து அப்பாவின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நான் வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். விமான நிலையத்தில் இறங்கும்போது, தினம் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். சரி என்றேன்.

புதன்கிழமை ஹார்கின்ஸ் வந்தார். துறைமுகத்துப் பழைய கப்பல் ஊதலை ஒன்பது தடவை ஊதினார்கள். மேயர் மரியாதைக்கு ஊரின் சாவியைக் கொடுத்தார். ஹார்கின்ஸ், சின்ன வயதிலிருந்தே தான் ஆட ஆசைப்பட்ட ஊர் இதுதான் என்றார். ஊர் பெயருக்கு மட்டும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். மேடையிலிருந்து இறங்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள். பணிவு என்று ஷெல்பி எழுதிக்கொண்டார். அங்கிருந்து நேரே டாக்டர் அறைக்குள் போனார். பதினொரு நிமிஷத்தில் வெளியே வந்தார். டாக்டர் வரவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை காலை விடுப்புச் சொல்லிவிட்டு லூதர் வீட்டுக்குப் போனேன். மூச்சு மோசமாக இருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். டெரனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அங்கே எங்களைவிட மூன்று மணி நேரம் பின்னால், காலை ஏழு மணி. ஆட்டத் திட்டக் கூட்டத்துக்கு முன்னால் எல்லோர் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்களாம். இதெல்லாம் எங்கள் கிளப்பிலும் உண்டு. இங்கே கூடையைப் பிடிக்கிற ஆளே நான்தான். அணியின் அலுவலகத்துக்குப் போட்டேன், வரிசையில் நிற்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள்.

டிவியில் முந்தின நாள் சான் மொரேனோ பயிற்சியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். டெரன் ஆரஞ்சு நிறச் சட்டையில் ஓடினான். லூதர் கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் கலர் அவனுக்கு ஒத்தே வரல," என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரிய கை, ஸ்டீயரிங் பிடித்துக் காய்ப்பேறிய கை. பத்து பத்துக்குப் போய்விட்டார். பாட்டு அப்போதும் போனில் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் லீக்கிலிருந்து அறிவிப்பு வந்தது. ஹார்கின்ஸின் முழங்கால் பரிசோதனையில் தேறவில்லை, ஆகவே மாற்று செல்லாது. அன்று டாக்டர் தானாக வந்து என் மேசையில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எலும்பும் எலும்பும் நேரா உரசுது ரே. நடுவுல ஒண்ணுமே இல்ல. புதன்கிழமை மத்தியானமே எழுதிக் குடுத்துட்டேன்."

"புதனா? இன்னிக்கு வெள்ளி."

"வார்த்தையெல்லாம் சரிபார்க்கணும்னு ஸ்ப்ரேக் வாங்கி வெச்சுக்கிட்டாரு. ரெண்டாவது டாக்டர், மூணாவது டாக்டர். அப்புறம் முழங்காலுக்குன்னு தனியா ஒரு குழு. அதுக்குள்ள கடையில ஹார்கின்ஸ் பேர் போட்ட சட்டை விக்கட்டும்னு யாரோ சொன்னாங்க."

புதன் மதியம் சொல்லியிருந்தால் டெரன் ராத்திரி விமானம் பிடித்து விடிவதற்குள் வந்திருப்பான். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அறுபத்தொரு வயதில் அடித்தால் யாருக்கு வலிக்கும்?

அப்பா போன சேதி வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்திருந்தும், மாற்று செல்லாது என்றான பிறகுதான் அங்கே விட்டார்களாம்; டெரன் சனிக்கிழமை காலை வந்தான். வந்தவனை வீட்டுக்குப் போகவிடாமல் நேரே ஸ்ப்ரேக் அறைக்குக் கூப்பிட்டார்கள், நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மேசையில் கிளப்பின் நிறத்தில் ரிப்பன் கட்டிய பழக்கூடை. ஷெல்பி எழுந்து டெரனைக் கட்டிக்கொண்டார். ஸ்ப்ரேக் ஒரு தாளைப் பிரித்தார்.

"விதி தெளிவா இருக்கு, டெரன். செல்லாத மாற்றுன்னா நடக்காத மாற்று. நீ எங்கயும் போகல. எப்பவும் எங்க ஆளு. இத நெனச்சா எனக்கே நெஞ்சு நிறையுது."

"நான் போனேன் சார்."

"மனசளவுல போயிருக்கலாம். பதிவுல இல்ல. பதிவுல என்ன இருக்குன்னா, நம்ம ஆட்டக்காரர் ஒருத்தர் புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் சொல்லாமக் கொள்ளாம பயிற்சிக்கு வரல."

நான் பேச வாயெடுத்தேன். "ரே, மண்ணு இப்ப பேச வேணாம்," என்றார் ஸ்ப்ரேக்.

ஷெல்பி மென்மையாகத் தொடர்ந்தார். "ஆனா நாம குடும்பம், டெரன். அபராதம் போட மனசு வரல. அதனால அந்த மூணு நாளையும் விடுப்பா மாத்திட்டோம். 'தந்தையின் கடைசி நாள்களில் உடனிருக்க'ன்னு ஒரு பிரிவு இருக்கு. அதுல போட்டுட்டோம். நீங்க ஒரு கையெழுத்து மட்டும்."

டெரன் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தான். பேனா கேட்டான். கையெழுத்துப் போட்டான். வெளியே வந்த பிறகு, ஏண்டா போட்டே என்று கேட்டேன். பழக்கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்பாவப் பார்க்கப் போகணும் பெரியவரே. இவங்ககிட்ட வாதாடிட்டு நிக்க நேரமில்ல," என்றான். சவ அடக்க நிலையத்துக்கு நான்தான் காரோட்டினேன். அவன் உள்ளே போன பிறகு வாசலிலேயே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அப்பா ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிட்டாரு என்று அதையே திருப்பிச் சொன்னான். பனி தூவ ஆரம்பித்திருந்தது. அறுபதாயிரம் பேர். தேசிய கீதத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியில், லூதர் பெட்டிவேக்காக ஒரு நிமிஷ மௌனம், வழங்குவது இன்னார் கேரேஜ் கதவுகள் என்று சொன்னார்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். பெரிய திரையில் லூதரின் படம் வந்தது. கிளப் பதிவிலிருந்து எழுதிக் கொடுத்ததை அறிவிப்பாளர் நல்ல குரலில் வாசித்தார்.

"முப்பத்தொரு ஆண்டு நம் தெருக்களைத் திறந்துவைத்த லூதர், வியாழக்கிழமை காலை தம் இல்லத்தில், அன்பு மகன் டெரன் அருகிலிருக்க, அமைதியாகக் கண்மூடினார்."

அறுபதாயிரம் பேரும் அதைக் கேட்டு மனம் உருகினார்கள். என் பின்னால் ஒரு அம்மாள் விம்மியது கேட்டது. இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை இப்படி வேலையை விட்டுட்டு வந்து கூட இருக்கும் என்று யாரிடமோ சொன்னாள்.

ஆடுகளக் கோட்டின் ஓரத்தில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி டெரன் என் பக்கத்தில் நின்றான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மௌனம் முடிந்து சத்தம் எழும்பியபோது, என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"பெரியவரே. நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"எப்ப?"

"வியாழக்கிழமை காலையில. அப்பா பக்கத்துல. கையைப் பிடிச்சிருந்தேனா?"

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. என் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"பிடிச்சிருந்தேப்பா," என்றேன். "கடைசி வரைக்கும் விடல."

தலையை ஆட்டினான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். முதல் பந்தை முப்பது கஜம் வீசினான், நேராகப் போய்ச் சேர வேண்டிய கைக்குப் போனது. அந்தப் பாவி கீழே போட்டான்.